மேசையினின்று இணையத்துக்கு: மென்பொருளின் இடப்பெயர்வு

தன் வளவிற் கிணறுடையவனும் பொதுக்குழாயை எதிர்பார்ப்பவனும் பருகுவது நீரேயாயினும், அவ்விருவர் நிலையும் ஒன்றன்று. முன்னவனுக்கு இறைக்கும் உழைப்பும் தூர்வாரும் கடமையும் உள. பின்னவனுக்கு அவை இல்லை. ஆயின், நீரை விடுவதும் நிறுத்துவதும் பிறர் கையில் உள்ளன. கணினி மென்பொருளின் வரலாறு இவ்விரு நிலைகளுக்கும் இடையே நிகழ்ந்த ஊசலாட்டம் எனலாம்.

கணினி தொடக்கத்தில் எவருடைய மேசைமீதும் இருக்கவில்லை. அறைகளை அடைத்து நின்ற அப்பொறிகளை அரசுகளும் பல்கலைக்கழகங்களும் பெருநிறுவனங்களுமே வாங்கக்கூடியனவாய் இருந்தன. 1961 இல் ஐக்கிய அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்திற் பெர்னாண்டோ கோர்பட்டோவும் அவர்தம் குழுவினரும் ஒரு கணினியைப் பலர் ஒருங்கே பயன்படுத்தும் நேரப்பகிர்வு முறையைச் செய்துகாட்டினர். அவ்வாண்டிலேயே ஜோன் மக்கார்த்தி என்னும் அறிஞர், தொலைபேசியைப் போன்று கணினியின் ஆற்றலும் ஒருநாள் பொதுச்சேவையாக வழங்கப்படலாம் என்று கூறினார். அக்கருத்து நிறைவேற நெடுங்காலம் சென்றது. இடையில் வரலாறு எதிர்த்திசையிற் சென்றமையே அதற்குக் காரணம்.

1970களின் பிற்பகுதியிற் சிறிய கணினிகள் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் வந்தன. ஹாவார்ட் வணிகக் கல்லூரி மாணவராயிருந்த டான் பிரிக்லின், பொப் பிராங்ஸ்ரனுடன் சேர்ந்து ஆக்கிய விசிகல்க் என்னும் விரிதாள் மென்பொருள் 1979 இல் வெளிவந்தது. ஓரெண்ணை மாற்றியவுடன் அதனைச் சார்ந்த எண்கள் யாவும் தாமே மாறுவதைக் கண்ட வணிகர் பலர், அதன்பொருட்டே அப்பிள் கணினியை வாங்கினர். 1981 இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் தனியாட் கணினி வெளிவந்தது. மென்பொருளை நெகிழ்வட்டிலும் பின்னர் இறுவட்டிலும் வாங்கித் தன் கணினியில் நிறுவியவன், எவருடைய அனுமதியையும் நாடாது அதனைப் பல்லாண்டு பயன்படுத்தலாயினான்.

எனினும், கிணறுடையவனின் சுமைகளும் உடன் வந்தன. நூறு கணினிகள் உள்ள அலுவலகத்தில் ஒரு மென்பொருளை நூறு முறை நிறுவவேண்டியிருந்தது. திருத்திய பதிப்பு வருந்தோறும் அப்பணி மீண்டது. ஒருவர் எழுதிய கோப்பு மற்றொருவரின் பழைய பதிப்பிலே திறவாது. கணினி பழுதுற்றால் அதிலுள்ளனவும் அழிந்தன. ஆக்கியோருக்கும் குறை இருந்தது. விலை கொடாது படியெடுப்போரைக் கண்டித்துப் பில் கேற்ஸ் 1976 இலேயே பகிரங்கக் கடிதம் எழுதினார். மென்பொருளைத் தம்மிடமே வைத்துக்கொண்டு அதன் பயனை மாத்திரம் விற்பது இக்குறைகளுக்கு ஒரு தீர்வாகத் தோன்றிற்று.

அதற்கு வழிதிறந்தது உலகளாவிய வலை. ரிம் பேர்ணர்ஸ் லீ உருவாக்கிய அதனை, ஜெனீவாவை அடுத்துள்ள சேர்ன் ஆய்வுநிலையம் 1993 இல் யாவரும் கட்டணமின்றிப் பயன்படுத்த விடுத்தது. 1996 இல் சபீர் பாட்டியாவும் ஜக் ஸ்மித்தும் தொடங்கிய ஹொட்மெயில், எந்தக் கணினியிலிருந்தும் உலாவி வழியாகத் தன் அஞ்சலைப் படிக்கும் வாய்ப்பை அளித்தது. 1999 இல் தொடங்கிய சேல்ஸ்போர்ஸ் வணிக மென்பொருளையே இணையச் சேவையாக விற்றது. 2004 இல் வெளிவந்த ஜிமெயில், உலாவிக்குள் இயங்கும் செயலியும் விரைவுடையதாதல் கூடும் எனக் காட்டிற்று. ரைற்லி என்னும் எழுத்துச் செயலியைக் கூகிள் 2006 இல் வாங்கியதன் பின்னர், ஓர் ஆவணத்தைப் பலர் பல ஊர்களிலிருந்து ஒருங்கே திருத்துதல் பெருவழக்காயிற்று. அவ்வாண்டிலேயே அமேசன் தன் சேமிப்பிடத்தையும் கணிப்பாற்றலையும் பிறருக்கு வாடகைக்கு விடத் தொடங்கியது. மக்கார்த்தி கூறிய பொதுச்சேவை உருப்பெற்றது. ஆனால், அது தனியார் கையிலே உருப்பெற்றது.

இடம்பெயர்ந்தது மென்பொருள் மாத்திரமன்று, உரிமையும் இடம்பெயர்ந்தது. இதனை அடோபி நிறுவனத்தின் வரலாறு தெளிவாக்கும். 2013 இல் அந்நிறுவனம் தன் படைப்பு மென்பொருட்டொகுதியின் புதிய பதிப்புகளை இனிச் சந்தா முறையிலேயே வழங்குவதாக அறிவித்தது. மென்பொருள் பயனாளரின் கணினியிலேயே இயங்கிற்று; அதனைப் பயன்படுத்தும் உரிமையோ சந்தாவோடு பிணைந்தது. 2019 ஒக்டோபரில், அமெரிக்க அரசாணையொன்றின் காரணமாக வெனிசுவேலா நாட்டுப் பயனாளரின் கணக்குகளை மூடப்போவதாக அந்நிறுவனம் அறிவித்தது. அம்மாத முடிவுக்குள் அரசின் அனுமதி கிடைத்தமையாற் சேவை தொடர்ந்தது. ஆயினும், ஒரு நாட்டின் ஆணை மற்றொரு நாட்டு ஓவியனின் தூரிகையை நிறுத்தவல்லது என்பது அன்று புலனாயிற்று. 2013 யூலையிற் கூகிள் தன் ரீடர் சேவையை மூடியபோதும், பயன்படுத்தியோர் விரும்பினும் அதனைத் தொடர இயலவில்லை.

இவை கொண்டு பழைய முறையே சிறந்தது என முடிவுகட்டுதல் பொருந்தாது. 2020 இல் நோய்த்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பல நாடுகளிற் கல்வி முற்றாக அறாதிருந்தமைக்கு இணையச் செயலிகளும் காரணமாயின. அவ்வாய்ப்பும் இணைப்பு உள்ளவர்க்கே கிட்டிற்று என்பது வேறு. மேலும், பழைய நெகிழ்வட்டில் உள்ள கோப்பைத் திறக்கவியலாது தவிப்போரும் உளர். சொந்தமாயிருத்தல் ஒன்றே நிலைபேற்றைத் தராது.

ஆதலின், ஆராயவேண்டிய வினா மென்பொருள் எங்கே இயங்குகின்றது என்பதன்று. ஒருவன் எழுதியதை அவன் விரும்பும்போது எடுத்துச்செல்ல இயலுமா என்பதேயாம். எந்த மென்பொருளும் படிக்கத்தக்க திறந்த ஆவண வடிவம் 2006 இல் அனைத்துலகத் தரமாக ஏற்கப்பட்டது. தன் தரவுகளைப் பெற்றுப் பிறிதோரிடத்துக்குக் கொண்டுசெல்லும் உரிமையை ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் 2018 முதல் வழங்கியுள்ளது. ஆய்வேட்டை இணையத்தில் எழுதும் மாணவனும், மதிப்பெண் ஏட்டை அங்கே பேணும் ஆசிரியரும் திறந்த வடிவில் ஒரு படியைத் தம்மிடமும் வைத்திருப்பின், சேவை நின்றாலும் அவர்தம் உழைப்பு நில்லாது. குழாய்நீர் வந்த பின்னரும் கிணற்றைத் தூர்க்காத குடும்பத்தின் விவேகம் அது.