இழவு வீட்டில் பிறந்த அன்னையர் தினம்

மே மாதம் இரண்டாம் ஞாயிறு வந்தால் ஆம்பூரிலும் போனைத் திறக்க முடிவதில்லை. அம்மாவுக்கு என்ன வாங்கினீர்கள் என்று நகைக்கடையும் ஜவுளிக்கடையும் கேட்கின்றன. போன வருஷம்தான் அம்மாவை அடக்கம் செய்தவருக்கும் அதே கேள்விதான் வருகிறது. அன்றைக்கு எங்கேயாவது ஒளிந்துகொள்ளலாமா என்று அவருக்குத் தோன்றும். உண்மையில் அந்த நாள் முதலில் ஏற்பட்டதே அவரைப் போல அம்மாவை இழந்த ஒரு மகளால்தான்.

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் ஆன் ரீவ்ஸ் ஜார்விஸ் என்ற பெண்மணி பத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பெற்றார். அவர்களில் நால்வரே ஆளாகி நின்றார்கள். மற்றவர்களைத் தட்டம்மை, டிஃப்தீரியா போன்ற நோய்கள் கொண்டுபோயின. அவர் அழுதுகொண்டே உட்கார்ந்துவிடவில்லை. ஊர்த் தாய்மாரைச் சேர்த்துச் சங்கம் அமைத்து, சுத்தமான பால், சுத்தமான தண்ணீர் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனார். 1905 மே 9 அன்று அவர் இறந்தார். மகள் அன்னா ஜார்விஸ் 1908 மே 10 அன்று கிராஃப்டன் ஊர் மெதடிஸ்ட் தேவாலயத்தில் அம்மாவுக்கு நினைவு வழிபாடு நடத்த ஏற்பாடு செய்து, 500 வெள்ளை கார்னேஷன் பூக்களை அனுப்பிவைத்தார். அம்மாவுக்குப் பிடித்த பூ அது. 1914இல் அரசாங்கமே அந்த நாளை ஏற்றுக்கொண்டது. பூக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அம்மா இருந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் வெள்ளை என்று இரண்டையும் விற்றார்கள். அன்னா மிச்ச ஆயுளை அந்த வியாபாரத்தை எதிர்த்தே செலவழித்து, 1948இல் ஒரு காப்பகத்தில் இறந்தார். அவருக்குப் பிள்ளைகள் கிடையாது.

வடாற்காடு, தென்னாற்காடு சீமையில் இதே துக்கத்துக்கு வேறொரு வழி உண்டு. சுமங்கலியாக இறந்தவள் இங்கே பல வீடுகளில் பூவாடைக்காரி என்ற வீட்டுத் தெய்வம் ஆகிவிடுகிறாள். கன்னியாக இறந்த பெண்ணும் அப்படியே. வீட்டில் கல்யாணம் வைத்தால், தாலி ஏறுவதற்கு முன் அவளை அழைக்க வேண்டும். கிணற்றடிக்கோ ஏரிக்கரைக்கோ போய்ப் பம்பை, உடுக்கை அடித்துப் பாடுவார்கள். பூச்சுற்றிய கலசத்தில் அவளை வீட்டுக்குக் கூட்டிவருவார்கள். யார் மேலாவது இறங்கினால் கேள்வியும் பதிலும் அழுகையும் நடக்கும். ஏன் விட்டுப்போனாய் என்று நேருக்கு நேர் கேட்டுவிடலாம். செஞ்சி வட்டாரத்தில் ஆய்வு செய்த மானிடவியலாளர் இசபெல் நபோகோவ், 2000இல் வெளிவந்த தம் நூலில் இந்தச் சடங்கை விரிவாக எழுதியிருக்கிறார்.

எனக்கு இதில் பிடித்தது, நாள் குறிக்கும் முறை. இங்கே காலண்டரைப் பார்ப்பதில்லை, வீட்டில் நல்ல காரியம் வரும்வரை காத்திருக்கிறார்கள். அம்மா இல்லாத குறை திவசத்தன்று தெரிவதைவிட, பந்தல் போட்டு, சொந்தம் கூடி, அவள் நிற்க வேண்டிய இடத்தில் பெரியம்மா நிற்கும்போதுதான் நெஞ்சை அடைக்கும். அதைத் தெரிந்துவைத்திருந்த யாரோ ஒரு கிழவிதான் இதை முதலில் தொடங்கியிருக்க வேண்டும் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன்.

பூவாடைக்காரிக்குப் படையலில் வைக்கப் புதுச் சேலை எடுப்பதிலும் ஒரு கூத்து உண்டு. அம்மாவுக்கு அரக்குதான் பிடிக்கும் என்பாள் மூத்தவள். அதெல்லாம் உன் கல்யாணத்தோடு சரி, அப்புறம் பச்சைதான் கட்டினாள் என்பாள் இளையவள். கடைக்காரர் இரண்டையும் மடிக்காமல் காத்திருப்பார். படைத்து முடித்ததும் அந்தச் சேலையைக் கட்டப்போவது தங்களில் ஒருத்திதான் என்பது இருவருக்குமே தெரியும்.