மூளிக்காதும் நாய்க்காதும்



போன வாரம் ஒரு பழைய படத்தைப் போட்டு, "இந்தத் தண்டட்டிப் பாட்டி யார் என்று சொல்லுங்கள்" எனக் கேட்டிருந்தேன். பாதிப் பேர் சரியாகச் சொல்லிவிட்டீர்கள். என் அப்பத்தாதான். ஆனால் அப்பத்தாவின் இடது காது வலது காது மாதிரி இல்லை, கீழே ஒரு சின்ன வெட்டு தெரிகிறது என்பதை ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. வகுப்பில் படம் பார்த்துக் கதை சொல்லச் சொன்னால் இப்படித்தான் முக்கியமானதை விட்டுவிடுவீர்கள்.

அந்தக் காதின் கதையைத்தான் இன்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். பெண்பிள்ளைகள் கட்டாயம் கடைசி வரை படியுங்கள்.

எழுதக் காரணம், என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த ஒரு பெண். ஊர், பேர் சொல்ல மாட்டேன். இரண்டு பிள்ளைகளும் சிசேரியன். வயிறு தொங்கிப்போய்விட்டது என்று வீட்டில் ஆளாளுக்குக் கேலி பேசியிருக்கிறார்கள். நகையை அடகு வைத்து, ஒரு பெரிய நகரத்துத் தனியார் ஆஸ்பத்திரியில் வயிற்றுத் தோலை அறுத்து இறுக்கி, இடுப்புக் கொழுப்பையும் உறிஞ்சி எடுத்துக்கொண்டாள். ஆறு வாரம் கழித்து ராத்திரி பத்து மணிக்குப் போன். "டீச்சர், ஒரு பக்கம் மேடா இருக்கு, ஒரு பக்கம் பள்ளமா இருக்கு. தையல் ஓரத்துல மூக்கு மாதிரி துருத்திக்கிட்டு நிக்குது. திரும்பிப் படுத்தா அடிவயித்துல தண்ணி அலம்புற மாதிரி இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டா எல்லாம் நார்மல்னு சொல்றாங்க. வேற ஒரு இடத்துல உடனே வாங்க, மறுபடி பண்ணித் தர்றோம், பாதி ரேட்டுதான்னு கூப்பிடுறாங்க. என்ன செய்யட்டும்?"

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. கேட்க வேண்டியதைச் செய்வதற்கு முன்னால் கேட்டிருக்கக் கூடாதா? திட்டுவதற்கு வாயைத் திறந்தவளுக்கு அப்பத்தாவின் காது நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் காது வளர்ப்பது என்பது ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை. கைக்குழந்தையிலேயே குத்திவிடுவார்கள். ஓட்டையில் பஞ்சுத் திரி போடுவார்கள். திரியின் கனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, பிறகு ஓலைச் சுருள், அதற்குப் பிறகு குணுக்கு என்று ஈயத்தில் செய்த எடைகள். காது தோளைத் தொடுகிற மாதிரி இறங்கிய பிறகுதான் தண்டட்டியோ பாம்படமோ ஏறும். மேலே தங்கத் தகடு, உள்ளே அரக்கு. தேவாரம், கோம்பை, போடி வட்டாரத்தில் மட்டுமில்லை, மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி வரைக்கும் பல சாதிப் பெண்களும் இப்படிக் காது வளர்த்தார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1906இல் வெளியிட்ட தென்னிந்திய இனவியல் குறிப்புகளில் இந்த வழக்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். 2023இல் 'தண்டட்டி' என்ற பெயரிலேயே ஒரு சினிமாவும் வந்தது.

அன்றைக்கு அதுதான் அழகு. வளர்க்காத காதைப் பார்த்தால் சிரிப்பார்கள். ஐம்பது வருடத்துக்குள் எல்லாம் தலைகீழாக மாறியது. பள்ளிக்கூடம் போன பெண்களை வடிகாது என்று கேலி செய்தார்கள். தொங்கிய சதையை அறுத்துத் தைத்து, சின்னக் கம்மலுக்கு மாறினார்கள். எங்கள் தெருவிலேயே அத்தை, பெரியம்மா என்று பலர் அப்படித் தைத்துக்கொண்டவர்கள். உடம்பின் வடிவத்தை அழகுக்காக மாற்றுவதும், மாற்றியதைத் திருத்துவதும் பட்டணத்துப் புதுப் பழக்கம் என்று நினைக்கிறவர்கள் தங்கள் வீட்டுப் பழைய படங்களை எடுத்துப் பாருங்கள்.

அப்பத்தா அழகுக்காகத் தைத்துக்கொள்ளவில்லை. சாக்கலூத்து மெட்டுப் பாதையில் ஏலத்தோட்ட வேலைக்கு ஏறி இறங்கிய காலம் அது. சும்மாட்டின் மேல் மூட்டையை வைத்து இறங்கும்போது, சாக்குக் கட்டிய கயிறு தண்டட்டியில் மாட்டி இழுத்துவிட்டது. இடது காது இரண்டாக அறுந்து தொங்கியது. மூளிக்காது. எப்போதோ ஒரு தரம் அடிவாரத்தில் ஒரு கம்பவுண்டர் தைத்துவிட்டார். இருபதே நாளில் பிரிந்துகொண்டது. அப்பத்தா அவரைத் திட்டித் தீர்த்தார். அதே வாரத்தில் வேறு ஒருவரிடம் போய்த் திரும்பத் தைத்தார். அதுவும் பிரிந்தது, சீழும் வைத்தது.

மூன்றாம் முறை மதுரைக்குக் கூட்டிப்போனார்கள். நான் நாலாம் வகுப்பு படிக்கிறேன், கூடவே போனேன். அந்த டாக்டர் பார்த்துவிட்டு இரண்டு விஷயம் சொன்னாராம். பஸ்ஸில் அப்பா அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார். ஒன்று, காது அறுந்து ரொம்ப நாளானதால் ஓரம் இரண்டிலும் தோல் மூடிவிட்டது. தோலும் தோலும் ஒட்டாது. ஓரத்தைச் செதுக்கிப் பச்சைப் புண்ணாக்கித் தைத்தால்தான் ஒட்டும். இரண்டாவது, இப்போது தைக்க மாட்டேன். சீழ் அடங்கி, தழும்பின் கட்டி இளகி, காது மெத்தென்று ஆன பிறகு வாருங்கள். அப்பத்தாவுக்கு நம்பிக்கையே இல்லை. "காசுக்காக அலைய விடுறான்" என்றார். ஆறேழு மாதம் கழித்துப் போய்த் தைத்த காதுதான் படத்தில் இருப்பது. சின்ன வெட்டோடு நின்றுகொண்டது, பிரியவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு சுஸ்ருத சம்ஹிதையின் மொழிபெயர்ப்பைப் படிக்க நேரம் கிடைத்தது. அதில் சூத்திரஸ்தானம் 16ஆம் அத்தியாயத்தில் பெரும்பகுதி காது குத்துவதும் அறுந்த காதை ஒட்டுவதும்தான். ஒட்டுவதற்கு 15 முறைகள் சொல்லியிருக்கிறது. தவறான இடத்தில் குத்திவிட்டால் காய்ச்சல், எரிச்சல், வீக்கம், வலி வரும் என்கிறது. என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறொரு இடம். ஒட்டிய காதை எப்போது மறுபடி வளர்க்கத் தொடங்கலாம்? அந்த இடத்தில் முடி முளைத்திருக்க வேண்டும், சேர்ந்த கோடு சமமாக இருக்க வேண்டும், உறுதியாக இருக்க வேண்டும், நன்றாக ஆறியிருக்க வேண்டும், வலி இருக்கக் கூடாது. அதற்குப் பிறகும் மெதுவாகத்தான் வளர்க்க வேண்டும். மதுரை டாக்டர் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதானே!

நம் நாட்டு வைத்தியர்கள் இந்த ஒட்டு வேலையை விடாமல் செய்துவந்தார்கள். திப்பு சுல்தானின் படையிடம் பிடிபட்டு மூக்கறுக்கப்பட்டவர் காவஸ்ஜி. ஆங்கிலேயப் படையில் மாட்டுவண்டி ஓட்டியவர். நெற்றித் தோலைத் திருப்பி அவருக்குப் புது மூக்கு வைத்த செய்தி 1794 அக்டோபரில் லண்டன் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' இதழில் வந்தது. அதைப் பார்த்து ஜோசப் கார்ப்யூ என்ற ஆங்கிலேய டாக்டர் தானும் செய்து, 1816இல் புத்தகம் போட்டார்.

வயிற்றுக்கும் இடுப்புக்கும் வந்த வைத்தியம் ரொம்பப் பிந்தியது. தொங்கும் வயிற்றுத் தோலை வெட்டி எடுத்ததை 1899இல் அமெரிக்காவின் ஹோவர்ட் கெல்லி பதிவு செய்தார். 1920களில் பாரிஸில் துஜாரியே என்ற டாக்டர் ஒரு இளம்பெண்ணின் காலை மெலிதாக்கக் கொழுப்பைச் சுரண்டி எடுத்தார். ரத்த ஓட்டம் நின்று காலையே எடுக்க வேண்டியதாயிற்று. வழக்கு நடந்து, டாக்டர் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அதற்குப் பிறகு நெடுங்காலம் யாரும் அந்தப் பக்கம் பெரிதாகப் போகவில்லை.

1970களில் ரோமில் ஃபிஷர் என்ற தந்தையும் மகனும் குழாய் வைத்துக் கொழுப்பை உறிஞ்சத் தொடங்கினார்கள். உள்ளே வெட்டும் கருவி இருந்ததால் ரத்தப்போக்கும் நீர்க்கட்டும் தொல்லை கொடுத்தன. பாரிஸில் இல்லூஸ் 1977 வாக்கில் மொட்டை முனைக் குழாய்க்கு மாறினார். தோலுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் அதில் அவ்வளவாக அறுபடுவதில்லை. 1980களில் ஜெஃப்ரி கிளைன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர், மரத்துப்போகும் மருந்தையும் ரத்தக்குழாயைச் சுருக்கும் மருந்தையும் நிறைய நீரில் கலந்து முதலில் உள்ளே செலுத்தும் முறையைக் கொண்டுவந்தார். ரத்தப்போக்கு வெகுவாகக் குறைந்தது. இன்றைய லைப்போசக்‌ஷன் இந்த வழியில் வந்ததுதான்.

ஆனாலும் பள்ளம் மேடு மட்டும் ஒழியவில்லை. தோலுக்கு ரொம்பப் பக்கத்திலிருந்து கொழுப்பை எடுத்தாலோ, ஒரே இடத்தில் அதிகமாக எடுத்தாலோ, தோல் கீழே இருக்கும் சதையோடு ஒட்டிக் குழி விழும். குறைவாக எடுத்த இடம் மேடாக நிற்கும். அதனால் திருத்த வேலை என்பதே ஒரு தனிப் பாடமாகிவிட்டது. குழியில் நம் உடம்புக் கொழுப்பையே எடுத்து நிரப்புகிறார்கள், மேட்டில் திரும்ப உறிஞ்சுகிறார்கள், தோல் தளர்ந்திருந்தால் வெட்டித் தைக்கிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், முதல் சில வாரங்களில் வீக்கமும் மேடுதான், குறையும் மேடுதான். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். வீக்கத்தில் பெரும்பகுதி மூன்று மாதத்துக்குள் வடியும், மிச்சம் வடிய ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். தழும்பு சிவந்து கெட்டியாக இருப்பது வெளுத்து இளகுவதற்கு ஒரு வருடம், ஒன்றரை வருடம்கூடப் பிடிக்கும். மரத்துப்போன உணர்ச்சியும் மெதுவாகத்தான் திரும்பும். அதனால் வடிவத்தில் குறை இருந்தால் ஆறு மாதத்துக்கு முன்னால் பொதுவாகக் கத்தி வைக்க மாட்டார்கள், ஒரு வருடம் பொறுக்கச் சொல்கிறவர்களும் உண்டு. அதற்குப் பிறகும் பள்ளம் அப்படியே நின்றால், உடம்பு எடையும் ஏறி இறங்காமல் நிலையாக இருந்தால், திருத்தலாமா என்று கேட்கிற நேரம் அது. ஆறாவது வாரத்தில் பாதி ரேட்டுக்குக் கூப்பிடுகிறவர் அப்பத்தா காதை அவசரமாக இரண்டாம் முறை தைத்தவர் மாதிரிதான்.

இதைச் சொன்னதும் எல்லாவற்றுக்கும் பொறுத்திருக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். காய்ச்சல், பரவுகிற சிவப்பு, நாற்றத்தோடு வடியும் சீழ், தையல் வாய் பிளப்பது, தோல் கறுத்துப்போவது, நாளுக்கு நாள் கூடுகிற வலி ஆகியவற்றுக்கு ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ ராத்திரியானாலும் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அது ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போகிற அறிகுறியாக இருக்கலாம். இது ஏதோ சின்ன அழகு வேலை என்று நினைக்காதீர்கள். 2022 மே மாதம் கன்னடச் சின்னத்திரை நடிகை சேத்தனா ராஜ் கொழுப்பு நீக்கும் சிகிச்சைக்குப் பிறகு பெங்களூருவில் இறந்தார். வயது 21.

அந்தப் பெண்ணிடம் போனில் இவ்வளவும் சொல்லவில்லை. நான் டாக்டர் இல்லை, அப்போது எனக்குத் தெரியவும் தெரியாது. "தண்ணி அலம்புதுன்னு சொன்னியே, அதை முதல்ல யாராவது கையால தொட்டுப் பார்த்தாங்களா?" என்று மட்டும் கேட்டேன். யாரும் பார்க்கவில்லையாம், எல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம்தான். "நாளைக்குக் காலையில முதல் பஸ்ஸுக்குப் போடி வா" என்றேன்.

மதுரையில் அரசு ஆஸ்பத்திரியின் ஒட்டுறுப்பு அறுவை சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப்போனேன். வரிசையில் மூன்று மணி நேரம். ஏலத்தோட்ட ஜீப் கவிழ்ந்து கை நசுங்கியவர், தீக்காயம் பட்ட குழந்தை ஆகியோருக்கு நடுவில் உட்கார அவளுக்குக் கூச்சம். "இவங்களுக்கு முன்னாடி நான் போய் என்னத்தச் சொல்ல டீச்சர்?" என்று எழுந்து போகப் பார்த்தாள். கையைப் பிடித்து உட்கார வைத்தேன். உள்ளே இருந்த இளம் டாக்டரம்மா ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. வயிற்றைத் தட்டிப் பார்த்து, ஸ்கேன் எடுத்து, தோலுக்கடியில் நீர் கோத்திருக்கிறது என்றார். ஊசியால் இழுத்தார். அடுத்த மூன்று வாரத்தில் இன்னும் இரண்டு முறை இழுத்தார்கள். விட்டிருந்தால் சீழ் வைத்திருக்கலாம், அல்லது நீரைச் சுற்றிப் பை மாதிரி உறை கட்டி அதையே அறுத்து எடுக்க வேண்டி வந்திருக்கலாம் என்றார்.

மேடு பள்ளத்தைப் பற்றிக் கேட்டபோது, இப்போது எதையும் தொட வேண்டாம், பழைய ஆஸ்பத்திரியில் எவ்வளவு கொழுப்பு எடுத்தார்கள், என்ன செய்தார்கள் என்ற குறிப்பை எழுதி வாங்கி வையுங்கள், மாதம் ஒரு தரம் அதே இடத்தில் அதே வெளிச்சத்தில் நின்று படம் எடுத்து வையுங்கள் என்றார். தையல் ஓரத்தில் மூக்கு மாதிரி நின்றதைக் காட்டினாள். டாக்டரம்மா சிரித்துவிட்டு, "இதுக்கு எங்க பாஷையில நாய்க்காதுன்னு பேரும்மா" என்றார். நீளமான தையலின் முனையில் மிச்சத் தோல் குவிந்து நிற்பதாம். சின்னதாக இருந்தால் தானாகப் படிந்துவிடும், இல்லையென்றால் அந்த இடத்தை மட்டும் மரக்க வைத்து அரை மணி நேரத்தில் எடுத்துவிடலாம் என்றார். எனக்குத்தான் காது என்ற சொல்லைக் கேட்டதும் அப்பத்தா நினைவு வந்து ஒரு மாதிரி ஆகிவிட்டது.

இப்போது பத்து மாதம். மேடாக இருந்த பக்கம் தானாகவே இறங்கிவிட்டது. பள்ளம் பாதி நிரம்பியிருக்கிறது, மீதியைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்கிறாள். வலது பக்க நாய்க்காது படிந்துவிட்டது, இடது பக்கம் மட்டும் நிற்கிறது. தைப்பூசம் கழிந்து எடுத்துக்கொள்ளலாம் என்று தேதி கொடுத்திருக்கிறார்கள். இதையெல்லாம் எழுதச் சொன்னதே அவள்தான். என் பேர் மட்டும் வேண்டாம் டீச்சர் என்றாள்.

தேதியன்று நானும் துணைக்குப் போகிறேன். மதுரையில் இருக்கிற பழைய மாணவர்கள் யாராவது அன்றைக்கு மத்தியானம் இரண்டு பேருக்குச் சாப்பாடு கொண்டுவர முடிந்தால் தனியாக மெசேஜ் போடுங்கள். காரம் கொஞ்சம் கம்மியாக.