எதிர்க்கிறிஸ்து: ஒரு முன்னொட்டின் வரலாறு

கிரகாம் பேக்கர் இயக்கி 1981இல் வெளிவந்த 'தி ஃபைனல் கான்ஃப்ளிக்ட்', 'ஓமன்' வரிசையின் மூன்றாம் படம். 1976இல் வந்த முதல் படத்தில் அமெரிக்கத் தூதரின் வீட்டில் வளரும் குழந்தை டேமியன், இதில் முப்பத்திரண்டு வயதுத் தொழிலதிபன். அவனும் பிரிட்டனுக்கான அமெரிக்கத் தூதராகிறான். சாம் நீல் நடித்த இப்பாத்திரத்திற்குக் கொம்புமில்லை, வாலுமில்லை. பண்பட்ட பேச்சும் பதவியுமே அவனுடைய கருவிகள்.

இவ்வுருவத்தின் மூலம் விவிலியத்தின் வெளிப்படுத்தல் நூலே எனப் பலரும் கருதுவர். ஆனால் அந்நூலில் 'எதிர்க்கிறிஸ்து' என்னும் சொல் ஓரிடத்தும் இல்லை. புதிய ஏற்பாட்டில் அது யோவானின் முதலிரு நிருபங்களில் மட்டுமே வருகிறது. அங்கும் அது ஓர் அரசனைச் சுட்டவில்லை. அத்தகையோர் பலர் ஏற்கெனவே தோன்றிவிட்டனர் என்றும், அவர்கள் நம்மிடையேயிருந்தே பிரிந்து போனவர்கள் என்றும் முதல் நிருபம் கூறுகிறது. சொல் பிறந்தபோது அது பன்மை, சுட்டுவிரல் உள்நோக்கியிருந்தது.

வெளிப்படுத்தல் நூலில் வருவது ஒரு விலங்கு. அதன் எண் 666. 'நேரோன் கைசர்' என்பதை எபிரேய எழுத்துகளில் எழுதி அவற்றின் எண்மதிப்பைக் கூட்டினால் இத்தொகை கிடைக்கும். இறுதி னகரத்திற்கு ஈடான 'நூன்' எழுத்தின் மதிப்பு 50. அதை நீக்கி இலத்தீன் வழக்கில் 'நேரோ' என எழுதினால் 616. சில பழைய சுவடிகளில் 616 என்ற பாடமே காணப்படுவது இவ்விளக்கத்திற்கு வலுச் சேர்க்கிறது. ரோமப் பேரரசனின் கொடுமையைக் குறித்த மறைமொழி, பிற்காலத்தில் வருங்கால முன்னறிவிப்பாக வாசிக்கப்பட்டது.

நிருபத்தின் சொல்லும் நூலின் விலங்கும் காலப்போக்கில் ஒன்றாயின. ஏறத்தாழ 950இல் அட்ஸோ என்னும் துறவி, அரசி கெர்பெர்காவிற்காக எதிர்க்கிறிஸ்துவின் பிறப்பும் வாழ்வும் குறித்து எழுதினார். புனிதர் வரலாற்றைத் தலைகீழாக்கிய அமைப்பு அது. அவன் யூதரின் தாண் குலத்தில் பிறப்பான் என அட்ஸோவும் எழுதியபோது, பன்மை ஒருமையாயிற்று. சுட்டுவிரல் அயலாரை நோக்கித் திரும்பிற்று. 13ஆம் நூற்றாண்டில் திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரியின் தரப்பும் பேரரசர் இரண்டாம் பிரெடரிக்கின் தரப்பும் ஒருவரையொருவர் இவ்வாறே பழித்தன. மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் மார்ட்டின் லூதர் இதே பெயரைத் திருத்தந்தைப் பதவிக்கே சூட்டினார்.

கிரேக்கத்தில் 'அன்டி' என்னும் முன்னொட்டிற்கு 'எதிராக' என்ற பொருளுடன் 'பதிலாக' என்ற பொருளும் உண்டு. தமிழில் பழைய மொழிபெயர்ப்பு 'அந்திக்கிறிஸ்து' என ஒலிபெயர்த்தது; பின்வந்த பொது மொழிபெயர்ப்பின் 'எதிர்க்கிறிஸ்து' முதற்பொருளை மட்டுமே ஏந்தியது. டேமியனோ இரண்டாம் பொருளின் வடிவம். அவன் எதிர்த்து நிற்பவனாகத் தோன்றுவதில்லை. மீட்பரின் இடத்தில் வந்து அமர்பவனாகவே தோன்றுகிறான்.

ஆயினும் என்னை அஞ்சவைப்பது டேமியன் அல்லன். குறிப்பிட்ட நாளில் பிறந்த ஆண் குழந்தைகளைக் கொல்ல அவன் ஏரோதைப்போல் ஆணையிடும்போது, அதை நிறைவேற்றுவோர் சாதாரண மனிதர்கள். எல்லாத் தீமையையும் ஒரு சாத்தானின் மகன்மேல் ஏற்றிவிட்டால் அவர்கள் நம் பார்வையிலிருந்து மறைந்துபோவர். 'பலர்' என்று எழுதிய அந்நிருபம் அவர்களையும் கணக்கில் கொண்டிருக்கும்.