பெயர்ப் பலகையில் ஒரு பிரெஞ்சுப் பெயர்

நம் வளாகத்தின் தரைத்தளத்தில், தபால் பெட்டிகளுக்கு மேலே உள்ள பெயர்ப் பலகையை ஒரு நாள் நின்று படித்துப் பாருங்கள். நமக்குப் பழக்கமான தமிழ்ப் பெயர்களுக்கு நடுவே பிரெஞ்சுக் குடும்பப் பெயர்களும் இருக்கும். குடிவந்த புதிதில் கார் நிறுத்தும் இடம் பற்றிப் பேச அப்படிப்பட்ட ஒரு வீட்டுக்கு இன்டர்காமில் அழைத்தேன். வெளிநாட்டவர் என்று நினைத்து மெனக்கெட்டு ஆங்கிலத்தில் பேசினேன். "தமிழ்லயே சொல்லுங்க சார், எனக்குச் சொந்த ஊரு முத்தியால்பேட்டைதான்" என்றார் அவர். அந்த வெட்கத்தில் தேடிப் படிக்கத் தொடங்கியதுதான் இது.

தமிழர்களுக்குப் பரம்பரைக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயர், நம் பெயர், சில வீடுகளில் பின்னால் ஒரு சாதிப் பட்டம், அவ்வளவுதான். பிரெஞ்சு ஆட்சியும் நெடுங்காலம் இதில் தலையிடவில்லை. திருமணம், சொத்து, வாரிசு விஷயங்களில் இந்தியர்கள் அவரவர் வழக்கப்படியே நடக்கலாம் என்று 1819-இல் உறுதி கொடுத்திருந்தார்கள். சாதி வழக்கமும் அந்த உறுதிக்குள்தான் இருந்தது.

இதை அசைத்தவர் பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வழக்கறிஞர். 1873-இல் ஐரோப்பிய பாணிக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் வந்ததற்காக அவரை வழக்காட விடவில்லை. அவர் பாரிஸ் உச்ச நீதிமன்றம் வரை போய் வென்று வந்தார். ஒரு ஜோடி காலணிக்காகக் கடல் தாண்டிப் போன வழக்கு! இன்று நாம் கோர்ட் வாசலில் கால்களைப் பற்றி யோசிப்பதேயில்லை.

அடுத்து வந்தது 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணை. விரும்பும் இந்தியர் தம் வழக்கச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம். வந்தபின் திரும்ப முடியாது. மனைவிக்கும் வயது வராத பிள்ளைகளுக்கும் சேர்த்தே அது பொருந்தும். கூடவே, தலைமுறைக்கும் நிற்கும்படி ஒரு குடும்பப் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். இவர்களைத்தான் ரெனோன்சான், அதாவது துறந்தவர், என்றார்கள். பொன்னுத்தம்பி 'பிள்ளை'யை விட்டு 'லாபோர்த்' ஆனார். பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குக் கதவு என்று பொருள்.

சாதிப் பட்டங்களைக் கைவிடச் சொல்லி செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது 1929-இல். அதற்கு 48 ஆண்டு முன்பே நம் ஊரில் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுப் பட்டத்தை விட்டிருக்கிறார்கள். எல்லோரும் சாதி ஒழிப்புக்காகச் செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். உத்தியோகம், ஓட்டுரிமை என்ற கணக்குகளும் இருந்தன. துறந்தவர்களில் கிறிஸ்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் கணிசமாக இருந்தார்கள். சண்முக வேலாயுத முதலியாரின் கட்சி வழக்கத்தையும் சாதியையும் காக்கக் கடுமையாக எதிர்த்தது. அக்காலப் புதுச்சேரித் தேர்தல்களின் சூடு முழுக்க இந்தச் சண்டையில்தான்.

பெயரை எப்படித் தேர்ந்தார்கள்? சிலர் பிரெஞ்சுச் சொல்லையோ பிரெஞ்சுக்காரர் பெயரையோ எடுத்துக்கொண்டார்கள். சிலர் புனிதர் பெயரை. சிலர் தகப்பன் பெயரையே பிரெஞ்சு எழுத்தில் பதிந்தார்கள். மூன்றாவது வகைதான் எனக்கு வேடிக்கை. முத்துவின் மகன் ராமசாமி 'முத்து' என்பதைக் குடும்பப் பெயராகப் பதிந்தால், ராமசாமியின் பேரனுக்கும் கொள்ளுப்பேரனுக்கும் முத்துதான். இனிஷியல் அங்கேயே உறைந்துவிட்டது. சிரிக்காதீர்கள். அமெரிக்காவில் இருக்கும் உங்கள் மகனுக்கு அங்கே உங்கள் பெயர்தான் 'லாஸ்ட் நேம்'. பேத்திக்கும் அதையே வைத்திருந்தால் உங்கள் வீட்டிலும் இது தொடங்கிவிட்டது.

இந்தப் பெயர்கள் பிறகு கப்பலேறின. ரெனோன்சான் குடும்பத்தினர் பலர் சைகோனுக்குப் போய்க் குமாஸ்தா, போலீஸ், வரி வசூல் வேலைகளில் அமர்ந்தார்கள். பட்டாளத்தில் சேர்ந்தவர்களும் உண்டு. 'சொல்தா' என்று நாம் இன்றும் சொல்கிறோமே, அந்த வார்த்தை அந்தப் பட்டாளத்துக்காரர்களிடமிருந்து வந்தது.

ஆனால் அதற்கு முன்பே வேறு விதமாகவும் தமிழ்ப் பெயர்கள் கடல் கடந்திருந்தன. 1853-இல் 'ஒரேலி' கப்பல் கரும்புத் தோட்டக் கூலிகளோடு மார்த்தினிக் தீவை அடைந்தது. அங்கும் குவாதலூப், ரெயூனியன் தீவுகளிலும் இன்று முத்துசாமி, ராமசாமி, வீராப்பிள்ளை என்ற பெயர்கள் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் குடும்பப் பெயர்களாக நிற்கின்றன. இவை யாரும் யோசித்து எடுத்தவை அல்ல. கூலியாளின் பெயர் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதப்பட்டு நிலைத்தவை. அந்தக் கூலிகளின் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டு குவாதலூப்பில் 1904 முதல் 1923 வரை வழக்காடியவர் ஹென்றி சிதம்பரம். லாபோர்த் பிரெஞ்சுப் பெயரோடு கேட்ட உரிமையை, இவர் தமிழ்ப் பெயரோடே கேட்டார்.

1962 ஆகஸ்ட் 16-இல் ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள ஆறு மாதம் தவணை கொடுத்தார்கள். ஒரே குடும்பப் பெயர், அண்ணன் பிரெஞ்சுக்காரர், தம்பி இந்தியர் என்றெல்லாம் பிரிந்தது அப்போதுதான். அந்தப் பெயரின் எழுத்துக்கூட்டல் பிரெஞ்சுப் பத்திரத்தில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பத்திரப்பதிவில் இன்னொன்று. வீடு விற்கும் நேரத்தில்தான் இது தெரிய வருகிறது. சிலர் அலைச்சல் தாங்காமல் பழைய பெயரையே விட்டுவிடுகிறார்கள்.

உங்கள் வீட்டில் தாத்தா காலத்துப் பிரெஞ்சுப் பிறப்புப் பதிவோ திருமணப் பதிவோ இருந்தால், விடுவதற்கு முன் ஒரு நகல் எடுத்து வையுங்கள். அந்தப் பெயரை ஏன் எடுத்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்தால், அதையும் அதன் பின்பக்கத்தில் எழுதிவிடுங்கள். பதிவேட்டில் பெயர் மட்டும்தான் இருக்கும், காரணம் இருக்காது.