பாம்பின் மூன்று விலைகள்

கரிசல் காட்டில் பொழுது சாய்ந்த பிறகு பாம்பு என்ற சொல்லை யாரும் உச்சரிப்பதில்லை. 'பூச்சி' என்பார்கள். பெயரைச் சொன்னால் அது வந்துவிடும் என்ற அச்சம் எங்கள் புதூரில் இன்றும் முழுமையாகப் போய்விடவில்லை. கோடையில் கரிசல் மண் பாளம் பாளமாக வெடிக்கும். அந்த வெடிப்புகளில் முதலில் எலி குடிபுகும், எலியைத் தொடர்ந்து பூச்சியும் வரும். பருத்திச் செடிகளுக்கிடையே குனிந்து நடப்பவர்களின் கால்களும் அங்கேதான் இருக்கும்.

என் தாயின் மூத்த அண்ணன் அப்படித்தான் இறந்தார். 1966-ஆம் ஆண்டு, பருத்தி எடுக்கும் பருவம். கடித்தது ஒரு சாண் அளவே இருந்த சுருட்டை விரியன். கடிவாயில் விஷக்கல் வைத்தார்கள், வேப்பிலை அடித்தார்கள். இரண்டு நாள் நடமாடிக்கொண்டிருந்தவருக்கு மூன்றாம் நாள் பல் ஈறுகளிலிருந்து இரத்தம் கசிந்தது. வண்டி கட்டி விளாத்திகுளம் சாலையை அடைவதற்குள் உயிர் போய்விட்டது. அப்போது அம்மாவுக்குப் பன்னிரண்டு வயது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடை விடுமுறையில் அம்மா, மனைவி, குழந்தைகளுடன் சென்னை சென்றபோது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் உள்ள முதலைப் பண்ணைக்குப் போயிருந்தோம். முதலையைப் பார்க்கத்தான் குழந்தைகள் கேட்டார்கள். பண்ணைக்குள்ளேயே இருந்த இருளர் கூட்டுறவுச் சங்கத்தின் பாம்புக் கூடத்தைப் பற்றி நான் அம்மாவிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டார்.

அந்தக் கூடம் தோன்றிய வரலாற்றைப் பின்னோக்கிப் பார்த்தால், மனிதன் பாம்புக்கு வைத்த மூன்று விலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும்.

முதல் விலை தலைக்கு. கம்பெனி ஆட்சியில் விசாகப்பட்டினத்தில் பணியாற்றிய பாட்ரிக் ரஸ்ஸல் என்ற மருத்துவர், சோழமண்டலக் கரைப் பாம்புகளைத் தொகுத்து ஆராய்ந்து 1796-இல் படங்களுடன் ஒரு நூல் வெளியிட்டார். நஞ்சுள்ளது எது, இல்லாதது எது என்று மக்கள் பிரித்தறிய வேண்டும் என்பது அவர் நோக்கங்களில் ஒன்று. வெள்ளைப் பாடாணம் கலந்த 'தஞ்சாவூர் மாத்திரை' பாம்புக்கடிக்குக் கைகண்ட மருந்தாக அக்காலத்தில் புகழ்பெற்றிருந்தது. ரஸ்ஸல் அதை விலங்குகளுக்குக் கொடுத்துச் சோதித்தார். நம்பத்தக்க பலனை அவர் காணவில்லை. கண்ணாடி விரியன் இன்று ஆங்கிலத்தில் அவர் பெயரால் வழங்குகிறது. ஆனால் அவருக்குப் பின் வந்த ஆட்சியாளர்கள் பிரித்தறிவதைவிட எளிய வழியொன்றைக் கண்டார்கள். நஞ்சுள்ள பாம்பைக் கொன்று கொண்டுவருபவர்க்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரசு பரிசுப்பணம் கொடுத்தது. பாம்புகள் இலட்சக்கணக்கில் கொல்லப்பட்டன. பாம்புக்கடிச் சாவுகள் மட்டும் குறையவில்லை.

இரண்டாம் விலை தோலுக்கு. இருபதாம் நூற்றாண்டில் மேலை நாட்டுச் சீமாட்டிகளின் கைப்பைக்கும் காலணிக்கும் இந்தியப் பாம்புத் தோல் ஏற்றுமதியாயிற்று. சென்னையைச் சுற்றியுள்ள காடுகளிலும் வயல்களிலும் அந்தத் தோலைத் திரட்டிக் கொடுத்தவர்கள் இருளர்கள். மண்ணில் ஊர்ந்த தடம், உரித்துப்போட்ட சட்டை, எச்சம் ஆகியவற்றைக் கொண்டே எந்த வளையில் எந்தப் பாம்பு இருக்கிறது என்று சொல்லக்கூடியவர்கள். கையில் ஒரு கடப்பாரை, தோளில் ஒரு துணிப்பை, அவ்வளவே கருவி. அவர்கள் அறிவுக்குக் கிடைத்த கூலி சொற்பம். இலாபம் தோல் வணிகர்களுக்குப் போயிற்று.

இந்த இடத்தில் கதை சற்று அமெரிக்கா போய் வரவேண்டும். புளோரிடா மாநிலத்தில் மயாமிக்கு அருகே நெடுஞ்சாலை ஓரத்தில் பில் ஹாஸ்ட் என்பவர் 1940-களின் பிற்பகுதியிலிருந்து ஒரு பாம்புக் காட்சிசாலை நடத்தி வந்தார். காரில் போகிற குடும்பங்கள் இறங்கி, கட்டணம் செலுத்தி, அவர் வெறுங்கையால் நாகத்தைப் பிடித்து நஞ்செடுப்பதைப் பார்த்துவிட்டுப் போவார்கள். அங்கே வேலை பார்த்த இளைஞர்களில் ஒருவர் ரோமுலஸ் விட்டேக்கர். 1943-இல் நியூயார்க்கில் பிறந்து, சிறு வயதிலேயே இந்தியா வந்து கொடைக்கானலில் படித்தவர். 1967-இல் இந்தியா திரும்பிய அவர், 1969-இல் தாம்பரத்தை அடுத்த சேலையூரில் சிறியதொரு பாம்புப் பண்ணையைத் தொடங்கினார். அது 1972-இல் கிண்டிக்கு இடம் மாறியது. சென்னைக்குச் சுற்றுலா வந்த தென்மாவட்டப் பள்ளிக் குழந்தைகள் எத்தனையோ பேர் பார்த்த அந்தப் பாம்புப் பண்ணை இதுதான். 1976-இல் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை உருவாயிற்று. பாம்பு பிடிக்கும் கலையில் தம் ஆசான்கள் இருளர்களே என்பதை விட்டேக்கர் எப்போதும் சொல்லி வந்திருக்கிறார்.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-இல் பாம்புத் தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. தடை நியாயமானது. ஆனால் ஒரே உத்தரவில் இருளர்கள் பிழைப்பை இழந்தார்கள். காட்டையும் பாம்பையும் காத்த சட்டம், அந்தக் காட்டை நன்கு அறிந்த மனிதர்களைப் பற்றி எதுவும் யோசிக்கவில்லை. இந்த வெற்றிடத்தில்தான் 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. இனிப் பாம்பைக் கொல்ல வேண்டாம், நஞ்சை மட்டும் எடுத்துவிட்டுத் திரும்ப விட்டுவிடலாம் என்பது ஏற்பாடு. அதுவே மூன்றாம் விலை.

கூடத்தில் நாங்கள் பார்த்தது இதன் நடைமுறையை. வரிசையாக மண்பானைகள், அவற்றின் வாயில் துணிக்கட்டு. ஒவ்வொரு பானைக்கும் ஒரு சிறு பலகை, அதில் பாம்பின் இனமும் பிடிபட்ட தேதியும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு மட்டுமே இங்கே வரும். ஆண்டுக்கு இத்தனைதான் பிடிக்கலாம் என்று வனத்துறை வரம்பு வைத்திருக்கிறது. வாரம் ஒரு முறையாக நான்கு முறை நஞ்செடுப்பார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் சிறு அடையாளம் வெட்டிக் காட்டில் விடுவார்கள். அதே பாம்பு மறுபடி சிக்கினால் அடையாளம் வளர்ந்து மறையும்வரை அதைத் தொடமாட்டார்கள். உலர்த்திய நஞ்சு மருந்துத் தொழிற்சாலைகளுக்குப் போகும். அங்கே குதிரைகளுக்குச் சிறுகச் சிறுக அதை ஏற்றி, குதிரையின் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்து மருந்தாக்குவார்கள். 1890-களில் பிரெஞ்சு மருத்துவர் கால்மெட் கண்ட முறையின் அடிப்படை இன்றும் மாறவில்லை. இந்தியாவில் நஞ்சுமுறி மருந்துக்குத் தேவைப்படும் நஞ்சில் பெரும்பங்கு பல பத்தாண்டுகளாக இந்தச் சங்கத்திலிருந்தே போயிருக்கிறது.

விளக்கிக்கொண்டிருந்த இருளர் பெரியவர் கொக்கிக் கம்பால் ஒரு பானையிலிருந்து சுருட்டை விரியனை எடுத்து மணலில் விட்டார். அது மடிப்பு மடிப்பாகச் சுருண்டு, செதிலோடு செதிலை உரசி, எள் பொரிவது போல ஓசை எழுப்பியது. பின்வரிசையில் அமர்ந்திருந்த அம்மா எழுந்து தடுப்புச் சுவர் வரை போனார்.

"ஏய்யா, இம்புட்டுத்தானா இது?" என்றார்.

"இம்புட்டுத்தாம்மா. இதுக்கு மேல பெருசா வளராது."

"இதையும் திரும்பக் காட்டுலதான் விடுவீகளா?"

"விட்டாத்தாம்மா அடுத்த வருசமும் மருந்து."

அம்மா வேறெதுவும் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பாம்பு மறுபடி பானைக்குள் போகும்வரை இடத்தைவிட்டு அசையவும் இல்லை.

2017-இல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரு இருளர்களைப் புளோரிடாவுக்கு அழைத்தார்கள். அங்கே பெருகி, சதுப்புக் காட்டு விலங்குகளையெல்லாம் தின்றுகொண்டிருந்த பர்மிய மலைப்பாம்புகளைக் கண்டுபிடிக்க அமெரிக்கர்களால் எளிதில் இயலவில்லை. இவ்விருவர் சென்ற குழு ஒரு மாத அளவில் 27 மலைப்பாம்புகளைப் பிடித்தது. சாலையோரப் பாம்புக் காட்சிசாலையின் கலை புளோரிடாவிலிருந்து சென்னைக்கு வந்தது. அரை நூற்றாண்டுக்குப் பின் சென்னைப் பக்கத்து அறிவு புளோரிடாவுக்குப் போனது. 2018-இல் விட்டேக்கருக்கும் 2023-இல் அந்த இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

இது மகிழ்ச்சியான முடிவாகத் தோன்றலாம். ஆனால் வடநெம்மேலிக்கும் புதூருக்கும் இடையே ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தொலைவு இருக்கிறது. ஒரே இனப் பாம்பின் நஞ்சுகூட வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுபடும் என்று அண்மை ஆய்வுகள் காட்டுகின்றன. வடதமிழகத்துப் பாம்பின் நஞ்சைக் கொண்டு செய்த மருந்து நாடு முழுவதிலும் ஒரே அளவில் வேலை செய்யும் என்று கொள்வதற்கில்லை. 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் இறந்திருப்பர் என்று கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000. அரசுப் பதிவேடுகளில் இருந்தது இதில் சிறு பங்கே. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்தவர். பலர் மருத்துவமனையை எட்டுவதற்கு முன்பே இறந்தவர்கள். சுருட்டை விரியன் கடித்தால் இரத்தம் உறையும் தன்மையை இழக்கும். அதைக் கண்டறியப் பெரிய கருவி வேண்டியதில்லை. சுத்தமான கண்ணாடிக் குழாயில் சிறிது இரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்த்தால் போதும். எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் செய்யக்கூடியது. கடிபட்டவர் விஷக்கல்லைத் தேடிப் போகாமல் அங்கே வந்து சேர வேண்டும். வந்தவருக்குக் கொடுக்க அங்கே மருந்துக் குப்பிகள் இருக்க வேண்டும்.

2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியைக் கட்டாயமாக அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. இனி ஒவ்வொரு கடியும் ஒவ்வொரு சாவும் ஏட்டில் ஏற வேண்டும். எங்கே எத்தனை பேர் கடிபடுகிறார்கள் என்று தெரிந்தால்தான் அங்கே எத்தனை குப்பி மருந்து வேண்டும் என்பதும் தெரியும். செய்தித்தாளில் இதைப் படித்தபோது எனக்கு அந்த மண்பானைகள் நினைவுக்கு வந்தன. பாம்பு பிடிபட்ட தேதியை ஒருவர் சாக்கட்டியால் அக்கறையோடு எழுதி வைத்திருந்தார். மாமா இறந்த தேதியை ஒருமுறை அம்மாவிடம் கேட்டேன். பருத்தி இரண்டாம் எடுப்பு, அமாவாசைக்கு மறுநாள் என்றார். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை. எந்த ஏட்டிலும் அது இல்லை.