வெளியூர்க் களமும் உள்ளூர்த் தீர்ப்பும்



யோங் பெங் வட்டாரத்துத் தோட்டங்களில் பந்து விளையாட்டு நடந்த நாள்களை நம்மில் பலர் அறிவோம். நம் தோட்டத்துப் பையன்கள் லாரி ஏறிப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்த் தோற்று வந்தால், அன்றிரவு லயத்து வாசலில் ஒரே பேச்சுத்தான். "நம்ம பிள்ளைங்க தோக்கலே, அவங்க ஊரு ரெப்ரிதான் தோக்கடிச்சிட்டாரு" என்பார்கள். இது உண்மையா, அல்லது தோற்றவர் சொல்லும் சாக்கா?

இந்தக் கேள்வியை ஆராயக் குத்துச்சண்டையின் வரலாறு நமக்கு உதவுகிறது. பந்தாட்டத்தில் கோல் விழுந்தால் ஊரே பார்க்கிறது. குத்துச்சண்டையில் எதிரி எழ முடியாமல் விழாவிட்டால், வென்றவர் யார் என்பதை நடுவரின் கண்ணும் கையும்தான் முடிவு செய்கின்றன.

முதலில் நம் நாட்டில் நடந்த ஒரு சண்டையைப் பார்ப்போம். 1975ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள், செவ்வாய்க்கிழமை காலை, கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் முகம்மது அலியும் ஜோ பக்னரும் உலக ஹெவிவெயிட் பட்டத்துக்காக மோதினார்கள். அப்போது அமெரிக்காவில் இரவு. அங்குள்ளவர்கள் பார்ப்பதற்காகவே இங்கே காலையில் வைத்தார்கள். நம் ஊர் வெக்கையில் 15 சுற்றுகளும் நடந்தன. அலி புள்ளிகளில் வென்றார். கூட்டத்தின் அன்பு அலிக்கே இருந்தது. என்றாலும் இருவருக்கும் அது அயலூர். வெயிலும் இருவர் தலையிலும் ஒன்றாகவே விழுந்தது.

தோற்ற பக்னருக்குச் சொந்த ஊர் எது? அவர் 1950இல் ஹங்கேரியில் பிறந்தார். 1956இல் அங்கே எழுந்த கிளர்ச்சி அடக்கப்பட்டபின், குடும்பத்தோடு அகதியாக இங்கிலாந்துக்கு வந்த குழந்தை அவர். 1971 மார்ச் 16 அன்று லண்டன் வெம்பிளியில் ஹென்றி கூப்பரோடு மோதினார். கூப்பர் அந்நாட்டு மக்களின் செல்லப்பிள்ளை. அக்காலத்தில் அங்கே நடுவர் ஒருவரே புள்ளியும் போடுவார். அன்றைய நடுவர் ஹாரி கிப்ஸ், கூப்பரைப் போலவே லண்டன்காரர். 15 சுற்றுகள் முடிந்ததும் அவர் பக்னரின் கையைத்தான் உயர்த்தினார். வித்தியாசம் வெறும் கால் புள்ளி! கூட்டம் கூச்சலிட்டது. கூப்பர் அத்தோடு ஓய்வு பெற்றார்; நடுவரோடு பல ஆண்டுகள் பேசவே இல்லை. அந்தத் தீர்ப்பு சரியா என்று வாதிடுவோர் இன்றும் உண்டு. ஆனால் உள்ளூர்க்காரர் உள்ளூர்க்காரருக்கே தீர்ப்புச் சொல்வார் என்பது எப்போதும் பொருந்தாது என்பதற்கு அந்த இரவு சாட்சி.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி 1988 அக்டோபர் 2 அன்று சோல் ஒலிம்பிக்கில் நடந்தது. அமெரிக்காவின் ராய் ஜோன்ஸ், 19 வயது இளைஞர், கொரிய வீரர் பார்க் சி ஹுன்னை இறுதிப் போட்டியில் சந்தித்தார். அமெரிக்கத் தொலைக்காட்சியார் எண்ணியபடி ஜோன்ஸ் கொடுத்த குத்துகள் 86. பார்க் கொடுத்தவை 32. ஆனால் மூவருக்கு இருவர் என்ற கணக்கில் தங்கம் பார்க்குக்குப் போயிற்று. இதில் வியப்பு என்னவென்றால், அந்த ஐந்து நடுவர்களில் ஒருவர்கூடக் கொரியர் அல்லர்! அந்த ஒலிம்பிக்கின் சிறந்த குத்துச்சண்டை வீரருக்கான விருதோ தோற்றவராக அறிவிக்கப்பட்ட ஜோன்ஸுக்கே கிடைத்தது. 1997இல் ஒலிம்பிக் குழு விசாரித்து, கையூட்டுக்கு ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது.

இந்தக் குறையைப் போக்க 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் கணினி வந்தது. ஐந்து நடுவர்களில் மூவராவது ஒரு விநாடிக்குள் பொத்தானை அழுத்தினால்தான் ஒரு குத்துக்குப் புள்ளி. பின்னர் அந்த முறையும் கைவிடப்பட்டது. 2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் இந்தியாவின் மணிப்பூர் வீராங்கனை சரிதா தேவி, கொரிய வீராங்கனையிடம் அரையிறுதியில் தோற்றதாகத் தீர்ப்பாயிற்று. அவர் கண்ணீரோடு வெண்கலத்தை ஏற்க மறுத்தார். அதற்காக ஓராண்டுத் தடையும் பெற்றார்.

அப்படியானால் சொந்த மண்ணில் பெறும் வெற்றியெல்லாம் சந்தேகத்துக்குரியதா? இல்லை. பழகிய சாப்பாடு, பழகிய வெயில், நல்ல தூக்கம், பெயர் சொல்லி அழைக்கும் குரல்கள் ஆகிய இவை நேர்மையான பலங்கள். 1998இல் கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டில் சரவாக்கைச் சேர்ந்த சப்போக் பிக்கி தங்கம் வென்றார். அவ்விளையாட்டில் குத்துச்சண்டையில் மலேசியா பெற்ற முதல் தங்கம் அது. நம் மக்களின் ஆரவாரம் அவருக்கு உரம் கொடுத்திருக்கும். அதில் தவறென்ன? ஊரார் தட்டும் கை வீரனைத் தூக்கி நிறுத்தலாம். ஆனால் அந்த ஓசை நடுவரின் கணக்கில் புள்ளியாக ஏறக் கூடாது.

சோல் நகரத்துக் கதைக்கு இன்னொரு முடிவும் உண்டு. 35 ஆண்டுகள் கழித்து, 2023இல், பார்க் சி ஹுன் கடல் கடந்து அமெரிக்காவுக்குப் போனார். ராய் ஜோன்ஸின் இடத்துக்கே சென்று, அந்தத் தங்கப் பதக்கத்தை அவர் கையில் கொடுத்தார். தீர்ப்பு எழுதியவர் பார்க் அல்லர். ஆயினும் தமக்குரியதல்ல என்று உணர்ந்ததைத் தம்மிடம் வைத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை.

நேயர்களே, நம் பிள்ளைகள் நாளை பத்து பஹாட்டுக்கோ ஜொகூர் பாருவுக்கோ போட்டிக்குப் போவார்கள். தோற்று வந்தால், எதிரியின் ஊரைக் குறை சொல்லுமுன் ஆட்டத்தை எண்ணிப் பார்க்கச் சொல்லுவோம். வெளியூர்ப் பிள்ளைகள் நம் திடலுக்கு வரும்போது, நியாயமாக அவர்களுக்குரிய புள்ளியை அவர்களுக்கே கொடுப்போம். வேற்றூரிலிருந்து வந்து இந்த மண்ணில் வேர் விட்டவர்களின் பிள்ளைகள் நாம். வந்தவருக்கு நியாயம் கிடைப்பது எவ்வளவு பெரிது என்பதை நமக்கு வேறு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.