தற்காப்பு வகுப்பு: ஆபத்தில் உதவும் பயிற்சியை அடையாளம் காண்பது எப்படி?

பிள்ளைகளைக் கராத்தே, தேக்குவாண்டோ, சிலாட், சிலம்பம் வகுப்புகளில் சேர்க்கும் பெற்றோர் பலர், “நாளைக்கு ஓர் ஆபத்து என்றால் தன்னைக் காத்துக்கொள்ளட்டும்” என்றுதான் சொல்கின்றனர். வேலைக்குப் போகும் பெண்களும் மூத்தவர்களும் இதே எண்ணத்துடன் சேர்வதுண்டு. ஆனால், வகுப்பில் கற்பதெல்லாம் நெருக்கடியில் கைகொடுக்கும் என்று சொல்ல முடியாது.

போட்டி வேறு, நெருக்கடி வேறு

போட்டியில் நடுவர், எடைப் பிரிவு, விதிமுறை எல்லாம் உண்டு. வெளியில் வருபவர் ஒருவரா இருவரா, கையில் கத்தி உள்ளதா என்பதுகூடத் தெரியாது. பயத்தில் இதயத் துடிப்பு எகிறும், பார்வை குறுகும், விரல்கள் நடுங்கும். அந்த நேரத்தில் நுணுக்கமான பிடிகளைச் செய்வது கடினம். திரும்பத் திரும்பப் பழகிய எளிய அசைவுகளே உதவும்.

எதிர்ப்புடன் பழகுவது

பல வகுப்புகளில் துணைக்கு நிற்பவர் மெதுவாகக் கையைப் பிடிப்பார். நாம் திருப்பியதும் தானாகவே விழுவார். தொடக்கத்தில் இது தேவைதான். அதோடு நின்றுவிட்டால் வீண் நம்பிக்கையே மிஞ்சும்.

ஜப்பானில் 1882-இல் ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ, ஆபத்தான நுட்பங்களை ஒதுக்கிவிட்டு, முழுப் பலத்துடன் எதிர்க்கும் ஒருவரோடு பழகும் ‘ரண்டோரி’ முறைக்கு முக்கிய இடம் தந்தார். எதிர்க்கும் ஒருவரிடம் செய்து பார்த்த நுட்பமே நம்பத்தக்கது என்பதை இது காட்டுகிறது.

மணிக்கட்டை ஒருவர் பிடித்தால், பிடியின் பலவீனம் அவரது கட்டைவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடைவெளியில் இருக்கும். அந்தப் பக்கமாக மணிக்கட்டைத் திருப்பி, முழங்கையை நம் உடலை நோக்கி இழுக்க வேண்டும். பின்னாலிருந்து கழுத்தை இறுக்கினால் தாடையைத் தாழ்த்தி, இரு கைகளாலும் அந்தக் கையைக் கீழே இழுக்க வேண்டும். கழுத்தின் இருபுற இரத்தக் குழாய்களும் அழுத்தப்பட்டால் சுமார் பத்து விநாடியிலேயே மயக்கம் வரலாம். எனவே இதைப் பயிற்றுநரின் கண்காணிப்பில் மட்டுமே பழக வேண்டும்.

தப்புவதே வெற்றி

வழிப்பறிக்காரன் மோட்டார் சைக்கிளில் வந்து கைப்பையை இழுத்தால், விட்டுவிடுங்கள். பையைப் பற்றிக்கொண்டு இழுபட்டுச் சென்றவர்கள் உயிரிழந்ததும் உண்டு. வாகனங்கள் எதிரே வரும் பக்கமாக நடப்பதும், சாலையை ஒட்டாத தோளில் பையை மாட்டுவதும் நல்ல பழக்கம். கத்தியைக் கண்டால் ஓடுவதே முதல் வழி. ‘கத்தியை எளிதாகப் பறிக்கலாம்’ என்று சொல்லித்தரும் வகுப்பைச் சந்தேகப்படுங்கள்.

தாக்குபவர் எப்போதும் அந்நியராக இருப்பதில்லை. வீட்டுக்குள் நடக்கும் வன்முறைக்கு உதவி கேட்பதும் தற்காப்புதான். அதற்கு 15999 என்ற தாலியான் காசே எண்ணை அழைக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியக் குற்றவியல் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையை விளக்குகின்றன. காவல்துறையின் பாதுகாப்பை நாட நேரம் இருந்தால் இந்த உரிமை பொருந்தாது. தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகத் தீங்கு விளைவிக்கவும் கூடாது என்கிறது 99-ஆவது பிரிவு. விழுந்து கிடப்பவரைத் தொடர்ந்து உதைத்தால், பாதிக்கப்பட்டவரே குற்றவாளி ஆகலாம். எங்கே நிறுத்த வேண்டும் என்பதையும் வகுப்பு கற்றுத்தர வேண்டும்.

சேரும் முன் கேட்க வேண்டியவை

• எதிர்ப்புக் காட்டும் துணையுடன் பயிற்சி உண்டா?
• வழக்கமான உடையிலும் காலணியிலும், கார் நிறுத்துமிடம், மின்தூக்கி போன்ற குறுகிய இடச் சூழலிலும் பழக வைக்கிறார்களா?
• உரக்கக் கத்துவது, விலகுவது, ஓடுவது பாடத்தில் உள்ளதா?
• வலித்தால் தட்டியவுடன் துணைவர் பிடியை விடும் ஒழுங்கு உள்ளதா? முதலுதவி தெரிந்தவர் இருக்கிறாரா?
• பிள்ளைகளின் வகுப்பைப் பெற்றோர் உட்கார்ந்து பார்க்க முடியுமா?

கடைசிக் கேள்விக்கு ‘முடியாது’ என்று பதில் வந்தால், வேறு வகுப்பைத் தேடுங்கள். ஆபத்து நேர்ந்தால், பாதுகாப்பான இடத்தை அடைந்ததும் உடனே 999-ஐ அழையுங்கள்.